தவளைக்குக் குடை பிடித்தது யார்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. கறுப்புச் சட்டம், 12க்கு 18 அங்குலம். தாமரைத் தண்டின் மேல் ஒரு மரத்தவளை உட்கார்ந்திருக்கிறது. முன்னங்கால் ஒன்றால் இலைக் காம்பு ஒன்றைப் பற்றித் தலைக்கு மேலே குடையாகப் பிடித்திருக்கிறது. சுற்றிலும் வெள்ளிக் கம்பிகளாக மழை இறங்குகிறது. வாய் லேசாகத் திறந்திருப்பதால் தவளை சிரிப்பது போலத் தோன்றும். "மழைக்கு ஒதுங்கியவர்" என்று தலைப்பு வைத்தேன். ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. கேடயமும் 5,000 ரூபாயும் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தின் முன்னால் சற்று நின்றுவிட்டுத்தான் உட்காருவார்கள். "இதற்கு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?" என்று கேட்பார்கள். "கொஞ்ச நேரம்தான்" என்பேன். அந்தச் சொற்களில் பொய் இல்லை. ஆனால் கேட்டவர் மனத்தில் ஒரு குளக்கரையும், கொட்டும் மழையும், நனைந்தபடி குந்தியிருக்கும் நானும் தோன்றியிருப்போம். அது முழுப் பொய். அதைத் திருத்தாமல் காபி கொண்டுவர உள்ளே போயிருக்கிறேன், பல முறை.

போன தீபாவளிக்கு என் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் மகளுக்கு எட்டு வயது. வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெடி வெடிக்க முடியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த குழந்தை சோபாவின் மேல் ஏறி நின்று படத்தை மூக்கு உரசும் அளவுக்குப் பார்த்தது. பின்வாசல் பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், தவளைகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன.

"மாமா, தவளைக்கு மழை பிடிக்காதா?"

"பிடிக்குமே."

"பிறகு ஏன் குடை பிடிக்கிறது?"

நான் என்னவோ சொல்லி மழுப்பினேன். அவள் விடவில்லை. "இந்தத் தவளை இப்போது எங்கே இருக்கிறது?" என்றாள். தெரியாது என்றேன். அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஒரு தவளை மழைக்கு ஒதுங்காது என்று எட்டு வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. நடுவர்கள் மூன்று பேருக்கும், படத்தைப் பாராட்டிய நூற்றுக்கணக்கானவர்களுக்கும், எடுத்த எனக்கும் அது ஏன் உறைக்கவில்லை? நம்மூரில் தவளை கத்தினால் மழை வரும் என்பார்கள். மழைக்காகவே நிலத்தடியிலும் சுவரிடுக்கிலும் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கிற உயிருக்கு நான் குடை பிடித்திருக்கிறேன்.

அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

2019 மே மாதம். அந்தக் கோடையைச் சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வெடித்துக் கிடந்தன. எங்கள் மேடவாக்கம் தெருவில் விடிவதற்கு முன்பே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். ஆட்கள் பிறகு வருவார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ஆண்டின் அக்னி நட்சத்திர நாள் ஒன்றில்தான் என் மழைப் படம் எடுக்கப்பட்டது.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பண்ணை வீடு. "மேக்ரோ பயிற்சி முகாம்" என்று அறிவித்திருந்தார்கள், அதாவது சிற்றுயிர்களை மிக நெருக்கத்தில் படமெடுக்கும் பயிற்சி. தலைக்கு 3,500 ரூபாய், மதியச் சாப்பாடும் உண்டு. நாங்கள் பதினொரு பேர். பூச்சி தேடித் தோட்டத்தில் அலையப்போகிறோம் என்று நினைத்து நான் பழைய கால்சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஆனால் யாரும் தோட்டத்துக்கே போகவில்லை. கூரை போட்ட தாழ்வாரத்தில் மேசை, அதன் பின்னால் கறுப்புத் துணி, இருபுறமும் விளக்குகள். நடத்தியவர் ஒரு நீல நிற ஐஸ் பெட்டியைத் திறந்தார். மீன் வாங்கப் போகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதுபோன்றது. உள்ளே மூடியில் துளையிட்ட டப்பாக்கள். இரண்டு மரத்தவளை, ஒரு பச்சோந்தி, ஒரு பச்சைப்பாம்பு. குளிர்சாதனப் பெட்டியில் கும்பிடுபூச்சிகள் வேறு இருந்தன. "குளிரில் வைத்தால் ஆடாமல் அசையாமல் இருக்கும், சார். நிதானமாக ஃபோகஸ் செய்துகொள்ளலாம்" என்றார். அவர் குரலில் ஒளிவு மறைவே இல்லை. சமையல் குறிப்பு சொல்வது போல இயல்பாகச் சொன்னார்.

அந்தத் தவளையை நமக்கெல்லாம் தெரியும். பழைய வீடுகளில் குளியலறைச் சுவரில், வாளிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு நிற மரத்தவளை. சிலர் தேரை என்பார்கள். பகலில் கைகால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு ஒரு களிமண் உருண்டை போல உட்கார்ந்திருக்கும். சோம்பலால் அல்ல. தவளை தோலால் நீரை உறிஞ்சும் உயிர். அதே தோல் வழியாகத்தான் நீரை இழக்கவும் செய்யும். மடங்கி உட்கார்ந்தால் வெயிலில் குறைவாகக் காயும். இருட்டிய பிறகே அது கால் நீட்டும்.

அதைப் பகல் பதினொரு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில், தெர்மகோலில் குத்தி நிறுத்திய தாமரைத் தண்டின் மேல் வைத்தார்கள். குதித்தது. பிடித்து வைத்தார்கள். மறுபடி குதித்து மேசைக்கடியில் விழுந்தது. மீண்டும் கொஞ்ச நேரம் ஐஸ் பெட்டி. மூன்றாவது முறையும் குதித்தது, ஆனால் ஒரு சாண்தான். நான்காவது முறை குதிக்கவில்லை. அதன் தொண்டைக்குழி படபடவென்று அடித்துக்கொண்டிருந்ததை லென்ஸ் வழியாக நான் மிகத் தெளிவாகப் பார்த்தேன். ஒரு மயிரிழை அளவுக்குக்கூட ஃபோகஸ் பிசகாமல் பார்த்தேன். உதவிக்கு நின்ற பையன் இலைக் காம்பை அதன் விரல்களுக்கிடையே செருகி, தூண்டில் நரம்பால் ஒரு சுருக்குப் போட்டு, மறுமுனையை மேலே ஒரு கம்பியில் கட்டினான். செடிக்கு மருந்தடிக்கும் தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி இன்னொருவர் மேலிருந்து பீய்ச்சினார். தெருவில் ஒரு குடம் தண்ணீருக்கு அடிதடி நடந்த நாளில், நாங்கள் ஒரு தவளைக்கு மேல் மழை பெய்வித்துக்கொண்டிருந்தோம்.

"வாய் திறந்தால் இன்னும் அழகாக இருக்கும்" என்று எங்களில் ஒருவர் சொன்னார். நடத்தியவர் ஒரு தூரிகையின் பின்முனையால் தவளையின் இடுப்பை லேசாக அழுத்தினார். திறந்தது. பதினொரு கேமராக்களும் படபடத்தன.

தவளை கத்தும்போது வாயை மூடிக்கொண்டுதான் கத்துகிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். உள்ளே இழுத்த காற்று வெளியே போகாமல் நுரையீரலுக்கும் தொண்டைப் பைக்கும் இடையே போய்வர, பை ஊதி ஊதி ஒலி எழும்புகிறது. "நுணலும் தன் வாயால் கெடும்" என்று பழமொழி சொல்கிறோம். பாம்புக்கு இடம் காட்டிக்கொடுக்கும் அந்தக் குரல் மூடிய வாயிலிருந்துதான் வருகிறது. தவளை வாயைப் பிளந்து குரல் எழுப்புவது பெரும்பாலும் எதிரியின் பிடியில் சிக்கும்போது. என் கூடத்துச் சுவரில் இத்தனை ஆண்டுகளாகச் சிரித்துக்கொண்டிருப்பது அதுதான்.

நடத்தியவர் மீது பழியைப் போட்டுவிட்டு நான் ஒதுங்க முடியாது. நரம்பைக் கட்டியது அவர்கள். அதைக் கணினியில் அழித்தது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், படத்தை நானூறு சதவீதம் அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, மழைக்கோடுகள் கலையாதபடி அந்த நரம்பைத் துளித்துளியாக நீக்கினேன். போட்டிப் படிவத்தில் "இடமும் சூழலும்" என்று ஒரு கட்டம் இருந்தது. "கோவளம் அருகே, இயற்கைச் சூழலில்" என்று எழுதினேன். இந்த நான்கு சொற்களை எழுத என் கை கொஞ்சமும் தயங்கவில்லை என்பதுதான் இப்போது நினைத்தாலும் என்னைக் குறுகவைக்கிறது.

உலகத்தின் பெரிய மேடைகளிலும் இது நடந்திருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009இல் முதல் பரிசு வாங்கியது, இரவில் ஓர் ஓநாய் மரக்கதவைத் தாண்டிப் பாயும் படம். எடுத்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த ஹோசே லூயிஸ் ரோட்ரிகெஸ். காட்டு ஓநாய் ஏன் தாண்ட வேண்டும், கம்பிகளுக்கிடையே நுழைந்து போகுமே என்று ஓநாய்களை அறிந்தவர்கள் கேட்டார்கள். மாட்ரிட் அருகே ஒரு விலங்குப் பூங்காவில் வளர்க்கப்பட்ட, பழக்கப்பட்ட ஓநாயோடு அது ஒத்துப்போவதாகப் பேச்சு எழுந்தது. 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அதே போட்டியில் 2017இல், பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் இரவில் ஒளிரும் கறையான் புற்றை ஓர் எறும்புண்ணி நெருங்கும் படம் பரிசு பெற்றது. எடுத்தவர் மார்சியோ கப்ரால். அந்த எறும்புண்ணி, பூங்கா வாசலில் வைத்திருந்த பதப்படுத்திய எறும்புண்ணியேதான் என்று, மயிர்க்குஞ்சங்களையும் உடல் அடையாளங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த வல்லுநர்கள் சொன்னார்கள். அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த மூலக் கோப்புகளை அவர் கொடுத்தார்; எதிலும் எறும்புண்ணி இல்லை. 2018 ஏப்ரலில் அந்தப் பரிசும் போயிற்று. இருவருமே குற்றச்சாட்டை மறுத்தார்கள்.

எனக்கு அந்த இரண்டாவது படத்தில் மனம் சிக்கிக்கொள்கிறது. புற்று உண்மை. அதில் ஒருவகை வண்டின் புழுக்கள் பச்சையாக ஒளிர்வதும் உண்மை, காண்பதற்கரிய காட்சி. அருங்காட்சியகத்தின் முடிவு சரியென்றால், அந்த ஒளி மட்டும் போதாது என்று ஒரு மனிதனுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கும் அந்த ஆண்டில் சுவரோரத்துத் தவளை போதவில்லை.

இதில் யாருக்கு என்ன நட்டம், ஒரு படம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். லெம்மிங் என்றொரு சிறு வடதுருவ எலியைப் பற்றி அவர்களிடம் சொல்வேன். அவை கூட்டங்கூட்டமாகக் கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருப்பீர்கள். வால்ட் டிஸ்னி நிறுவனம் 1958இல் வெளியிட்ட ஓர் ஆவணப்படம் அந்தக் கதையை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது. அதற்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. கனடாவில் லெம்மிங்கே வாழாத ஆல்பெர்ட்டா பகுதிக்கு அவற்றை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து, ஆற்றங்கரைப் பாறையிலிருந்து தள்ளிப் படமெடுத்திருக்கிறார்கள் என்று 1982இல் கனடிய ஒளிபரப்புக் கழகத்தின் நிகழ்ச்சி ஒன்று வெளிக்கொண்டுவந்தது. கதை மட்டும் இன்றும் சாகவில்லை. அந்த எலிகள் செத்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் அவற்றின் இனத்தின் மேல் ஒட்டிய பொய் போகவில்லை. சினிமாவில் செயற்கை மழையில் கதாநாயகி நனைந்தால் யாரும் ஏமாறுவதில்லை. அது நாடகம் என்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும். காட்டுயிர்ப் படம் அப்படியல்ல. "இது நடந்தது, நான் பார்த்தேன்" என்று அது சாட்சி சொல்கிறது. நீதிமன்றத்தில் ஒருவன் அழகாகப் பேசினான் என்பதற்காகப் பொய்ச்சாட்சியை மன்னிப்போமா?

சென்னையைச் சுற்றி நடக்கும் இட்டுக்கட்டுதலில் ஐஸ் பெட்டிகள் குறைவு. இங்கே அதிகம் நடப்பது பறக்க விடுவதுதான்.

தவளைக்கு முன்பே, பழவேற்காட்டில், நானும் அதைச் செய்திருக்கிறேன். தை மாதக் காலை. ஆழம் குறைந்த நீரில் முந்நூறுக்குக் குறையாத பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து, சேற்று நீரைச் சலித்துக்கொண்டிருந்தன. பூநாரை நிற்கும்போது வெளிறிய வெள்ளையாகத்தான் இருக்கும். சிறகை விரித்தால்தான் அந்தப் பவளச் சிவப்பும் கறுப்பும் தெரியும். படகுக்காரர் என் லென்ஸின் நீளத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பறக்க விடட்டுமா, சார்? எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள்." நான் தலையாட்டினேன். அவர் மோட்டாரை முடுக்கிக்கொண்டு நெருங்கி, மூங்கில் கழியால் படகின் பலகையில் ஓங்கி ஓங்கித் தட்டினார். கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. வானம் தீப்பிடித்தது போல இருந்தது. இன்றுவரை நான் எடுத்ததிலேயே அழகான படங்கள் அவை. பறவைகள் வெகு தூரம் தள்ளி இறங்கின. மீண்டும் தலையைக் கவிழ்த்து மேயத் தொடங்க அவற்றுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை. கேமராத் திரையில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படகுக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் அவருக்கு டீசலாவது மிச்சமாகியிருக்கும்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் "வேட்டை" என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தை அதன் பிறகுதான் படித்தேன். கொல்வது, பிடிப்பது, கண்ணி வைப்பது மட்டுமல்ல. சட்டம் காக்கும் விலங்குகளை விரட்டுவதும், இரை வைத்து ஈர்ப்பதும், பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் தொந்தரவு செய்வதும் அந்த ஒரே சொல்லுக்குள் வருகின்றன. துப்பாக்கி எடுத்தவன் வேட்டைக்காரன், கேமரா எடுத்தவன் இயற்கை ஆர்வலன் என்று நாமாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். சட்டத்தின் கோடு அங்கே இல்லை.

ஐப்பசி பிறக்கும் சமயத்தில் ஆறுமணிக்குருவி சென்னைக்கு வரும். காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். வடக்கே இனப்பெருக்கம் முடித்துத் தென்கோடிக்கும் இலங்கைக்கும் போகிற வழியில், இரவெல்லாம் பறந்து களைத்து, சில சமயம் வீட்டுத் தாழ்வாரங்களில் வந்து விழும். அடையாற்றின் மரத்தோப்புகளிலும் கிண்டிக் காட்டிலும் சருகைக் கிளறிப் புழு பொறுக்கிக்கொண்டு சில நாள் தங்கும். அதன் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டால், இன்னொரு குருவி தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டது என்று எண்ணி வெளியே வந்து பார்க்கும். ஒருமுறை ஒரே குருவிக்காக நான்கு கைபேசிகள் மாறி மாறிக் கூப்பிட்டதைப் பார்த்தேன். நான்கு எதிரிகளைத் தேடி அது புதரைச் சுற்றிச் சுற்றி வந்தது. இரவு முழுக்கப் பறந்து வந்த உயிர். அன்று நான் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை; ஆனால் நிறுத்துங்கள் என்று சொல்லவும் இல்லை. அதில் இருவர் எனக்கு மூத்தவர்கள், எனக்கு லென்ஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். அண்ணன் என்று அழைத்துப் பழகியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று வாய் வரவில்லை.

இன்னொரு விதமான பொய்யை நான் எவ்வளவு காலமாகச் சொல்லிவந்தேன் என்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில்தான் தெரிந்தது. அங்கே எதையும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் சாலையில் வண்டியை ஓரம் கட்டினால் போதும். நீலத் தாழைக்கோழி, கூழைக்கடா, நீளவால் இலைக்கோழி, நீர் வற்றும் மாதங்களில் பூநாரை. 2022இல் அது ராம்சார் சதுப்புநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்புநிலமாக, அறிவிக்கப்பட்டது. பதினோரு ஆண்டுகளில் அங்கே நான் எடுத்து வெளியிட்டவை நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒரு படத்தில்கூடப் பெருங்குடிக் குப்பைமேடு இல்லை. ஒன்றில்கூட உயரழுத்த மின்கோபுரமோ, அடுக்குமாடிக் கட்டடமோ, நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பையோ இல்லை. இடது பக்கம் இரண்டடி நகர்ந்தால் கோபுரம் மறையும், முட்டி போட்டால் குப்பைமேடு நாணலுக்குப் பின்னால் போகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். "இது வெளிநாடா?" என்று கேட்டால் பெருமையாக இருக்கும்.

பிறகு ஒரு நாள் அலுவலக நண்பர் ஒருவர் அந்தப் பகுதியில் வீடு வாங்கப் பார்ப்பதாகச் சொன்னார். சதுப்புநிலத்தின் விளிம்பாயிற்றே, 2015 வெள்ளத்தில் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று பார்த்தோமே என்றேன். "அதற்கு ஒன்றும் ஆகவில்லையே, நீங்கள் எடுத்த படங்களில் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!" என்றார் அவர்.

படத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்வது பொய்யாகாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒரு பறவையின் கண்ணை மட்டும் படமெடுக்க எனக்கு உரிமை உண்டு. ஆனால் நாற்பது படங்களிலும் ஒரே பொருளைத் திட்டமிட்டு விலக்கினால், அந்த நாற்பதும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்கின்றன. இப்போது குப்பைமேட்டையும் சேர்த்து எடுக்கிறேன். புகை மூட்டத்தின் முன்னால் நிற்கும் பூநாரை. காலில் நெகிழிக் கயிறு சுற்றிய கொக்கு. யாரும் சுவரில் மாட்டக் கேட்பதில்லை.

எல்லாவற்றையும் ஒரே தராசில் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மொட்டை மாடியில் தினமும் அரிசி வைத்துக் கிளிகளை வரவழைக்கும் வீடுகள் இந்த நகரத்தில் உண்டு. அங்கே எடுத்த படத்தின் கீழ் "மாடியில் வைத்த அரிசிக்கு வந்தவை" என்று எழுதினால் எனக்கு ஒரு குறையும் இல்லை. வடநெம்மேலி முதலைப் பண்ணையில் எடுத்த முதலையைப் பண்ணை முதலை என்று சொல்லிவிட்டால் போதும். பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் வேலையை 1988 முதல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் காத்து, குஞ்சு பொரித்ததும் விடுகிறார்கள். அங்கே ஒருவர், வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும் என்பதற்காக, கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த ஒரு குஞ்சைத் தூக்கிக் கரைப்பக்கம் திருப்பி வைத்ததைப் பார்த்தேன். கல்லூரி மாணவி ஒருத்தி ஓடிவந்தாள். "அண்ணா, அது போகிற வழி அதற்குத் தெரியும். தொடாதீர்கள்" என்றாள். இருபது வயதுகூட இருக்காது. ஆறுமணிக்குருவியின் முன்னால் எனக்கு வராத வாய் அவளுக்கு வந்தது.

பழையவர்கள் இதற்கெல்லாம் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தபோது இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்களைப் பற்றித் தெரியவந்தது. 1900ஆம் ஆண்டு வாக்கில் அவர்கள் ஒரு காளைமாட்டின் தோலைப் பதப்படுத்தி, உள்ளே கூடாக்கி, அதற்குள் கேமராவோடு ஒளிந்து நின்று பறவைகளைப் படமெடுத்தார்கள். அதுவும் வேடம்தான். ஆனால் வேடம் போட்டவன் மனிதன். பறவை பறவையாகவே இருந்தது. நம் ஊரில் மா. கிருஷ்ணன் இருந்தார். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர், சென்னையிலேயே வாழ்ந்தவர். தானே சேர்த்துக் கட்டிய கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அந்தப் படங்களில் யானை பாதி புதருக்குள் நிற்கும், புழுதியில் மங்கும், முதுகைக் காட்டிக்கொண்டு போகும். யானை அப்படித்தான் இருக்கும்.

என் நண்பன் ஒருவன் வேறொரு வாதம் வைக்கிறான். இனிமேல் தவளையை ஏன் தொட வேண்டும், கணினியிடம் சொன்னால் குடை பிடித்த தவளையை அதுவே வரைந்து தந்துவிடுமே, எந்த உயிருக்கும் வலியில்லையே என்கிறான். உண்மைதான், வரையட்டும். வரைந்தது என்று கீழே எழுதட்டும்.

குழந்தை கேட்ட இரண்டாவது கேள்வி மிச்சமிருந்தது. தீபாவளி முடிந்த வாரத்தில், முகாம் நடத்தியவரின் எண்ணைப் பழைய ரசீதிலிருந்து எடுத்து அழைத்தேன். என்னை நினைவில்லை என்றாலும் அன்பாகப் பேசினார். அந்த ஆண்டு மே மாதம், குடை பிடித்த தவளை, அதை அப்புறம் எங்கே விட்டீர்கள் என்று கேட்டேன். சற்று மௌனம். "எந்தத் தவளை, சார்?" என்றார். எத்தனையோ முகாம்கள், எத்தனையோ டப்பாக்கள். பொதுவாகத் தோட்டத்திலேயே விட்டுவிடுவோம் என்றார். அந்த மே மாதத்தில் அந்தத் தோட்டத்துக் கிணறு எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. எட்டிப் பார்த்திருந்தேன். அடியில் கல் தெரிந்தது.

போட்டி நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதி, நடந்ததைச் சொல்லி, கேடயத்தையும் 5,000 ரூபாய்க்கான காசோலையையும் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பழைய கணக்கு முடிந்துவிட்டதால் பணத்தை ஏற்க இயலாது. அந்த ஆண்டு விதிகளில் இதைத் தடுக்கும் பிரிவு எதுவும் இல்லாததால் பரிசு செல்லும். தங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம் என்று எழுதி, கேடயத்தையும் காசோலையையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மறுபடி எழுதினேன். விதியில் இல்லாவிட்டாலும் படிவத்தில் நான் எழுதியது பொய் என்று சொன்னேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

படத்தைக் கழற்றிவிடலாம் என்றாள் என் மனைவி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கழற்றிவிட்டால் யாரும் கேட்கவும் மாட்டார்கள், நான் சொல்லவும் வேண்டியிருக்காது. அதனால் அங்கேயே இருக்கிறது. பழைய தலைப்பைக் கிழித்துவிட்டு, தட்டச்சு செய்த புதுக் காகிதம் ஒன்றைச் சட்டத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன்:

"மரத்தவளை. 2019 மே, கோவளம் அருகே ஒரு பண்ணை வீட்டின் தாழ்வாரம், பகல் 11 மணி. ஐஸ் பெட்டியில் குளிரவைக்கப்பட்டது. இலை, தூண்டில் நரம்பால் கையில் கட்டப்பட்டது. நரம்பைக் கணினியில் நீக்கியவன் நான். மழை, செடிக்குத் தெளிக்கும் தெளிப்பானிலிருந்து. வாய் திறந்திருப்பது இடுப்பை அழுத்தியதால். அதன் பிறகு தவளை என்ன ஆனது என்று தெரியாது. கேட்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று."